640 முகவரிகள் இருக்கின்றன, பதில் மட்டும் வருவதில்லை

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 43, பதினோரு ஆண்டுகளாக ரியல் எஸ்டேட் முகவர், மைத்துனரும் இவரும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள். சரவணம்பட்டி, காளப்பட்டி, அன்னூர் சாலைப் பகுதிகளில் சைட், தனி வீடு, கொஞ்சம் பண்ணை நிலம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சொந்தமாக வலைத்தளம் போட்டார். இதுவரை 640 மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. பாதி வலைத்தளப் படிவத்தில் வந்தவை, கொஞ்சம் விசிட்டிங் கார்டில் எடுத்தவை, மீதி ஒரு வீட்டுக் கண்காட்சிப் பதிவேட்டிலிருந்து நண்பர் கொடுத்தவை. வெள்ளி, சனி என்று இரண்டு தவணையாகப் பிரித்து, தன் ஜிமெயிலிலிருந்தே, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பி.சி.சி.யில் போட்டு, பில்டர்களின் பிரவுஷர் பி.டி.எஃப். மூன்றை வாரந்தோறும் அனுப்புகிறார். மாதத்துக்கு ஒரு பதில் வந்தால் அதிகம்.

இப்போது மூன்று யோசனைகள் வைத்திருக்கிறார். ஒருவர் 8,000 ரூபாய்க்கு 40,000 முகவரி கொண்ட 'என்.ஆர்.ஐ. டேட்டாபேஸ்' தருவதாகச் சொல்கிறார்; அதை வாங்கலாமா? வலைத்தளத்தில் விலையையும் புகைப்படத்தையும் மறைத்து, மின்னஞ்சல் கொடுத்தால்தான் காட்டுவது என்று வைக்கலாமா? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இன்னும் வராத 38 சைட் லேஅவுட் ஒன்றை, நம் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் 'பிரீ லாஞ்ச்' விலையில் முன்கூட்டியே சொல்லலாமா? மைத்துனரோ, "மெயில் யார் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் குரூப் போதும்" என்கிறாராம்.

நண்பரே, முதலில் ஒரு விஷயம். உங்களிடம் 640 முகவரிகள் இருக்கின்றன. 640 வாசகர்கள் இல்லை. ஒரு வீட்டின் விலை கேட்டுப் படிவம் நிரப்பியவர் அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் கேட்டார். அவருக்கு மூன்றாண்டுகளாக வேறு பில்டர்களின் பிரவுஷர் போய்க்கொண்டிருக்கிறது. அவர் பதில் போடாததில் வியப்பில்லை. நிறுத்தச் சொல்ல வழியில்லாததால் பலர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அதன் விளைவாக, உண்மையிலேயே உங்களைத் தேடுபவருக்கும் உங்கள் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும்.

உங்கள் மூன்று யோசனைகளில் கடைசியானதுதான் உடனே நிறுத்த வேண்டியது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ரெரா எண் இல்லாத லேஅவுட்டை மின்னஞ்சலில் சொல்வது

'வெளியே விளம்பரம் செய்யவில்லை, நம் ஆட்களுக்கு மட்டும்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, எந்த ஊடகம் வழியாக வரும் அறிவிப்பும் சுற்றறிக்கையும் விளம்பரமே என்கிறது. மின்னஞ்சலும் அதில் அடங்கும். வாட்ஸ்அப் செய்தியும் அடங்கும். 3ஆம் பிரிவின்படி, பதிவு எண் பெறாத திட்டத்தை விளம்பரம் செய்யவோ, முன்பணம் வாங்கவோ, வாங்க அழைக்கவோ கூடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், 8 வீடுகளுக்கு மிகாத கட்டடம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 38 சைட் லேஅவுட் அந்த விலக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

தவறு லேஅவுட் போட்டு விற்கும் புரமோட்டருடையது, நான் வெறும் முகவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். பதிவில்லாத திட்டத்தின் விற்பனைக்கு முகவர் துணைபோகக்கூடாது என்பது 10ஆம் பிரிவு. மீறினால் 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய். நீங்கள் விற்றுக்கொடுத்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். உங்கள் கமிஷன் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் என்பது தேதியோடும் நேரத்தோடும் 640 பெட்டிகளில் நீங்களே வைத்துவிட்டு வரும் சாட்சி.

லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. எண் வந்த அன்று காலையில் முதல் தகவல் அவர்களுக்குப் போகட்டும். வலைத்தளத்திலும் மற்ற இடங்களிலும் இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். அந்தக் கடிதத்தில் திட்டத்தின் ரெரா எண், ஆணையத்தின் வலைத்தள முகவரி, உங்கள் முகவர் பதிவு எண் மூன்றும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும் மறுவிற்பனைக்குத் திட்ட எண் தேவைப்படாது. அங்கே 'தனிநபர் மறுவிற்பனை' என்றே எழுதிவிடுங்கள், குழப்பம் வராது.

விலைக்கு வாங்கும் முகவரிகள்

வாங்காதீர்கள். 8,000 ரூபாய் போவது பெரிய நட்டம் அல்ல. உங்கள் டொமைனின், அதாவது வலைத்தள முகவரியின், பெயர் கெடுவதுதான் நட்டம். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து தன் விதிகளை இறுக்கிவிட்டது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பதே நல்லது. அதாவது ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே ஆபத்து எல்லை வந்துவிடுகிறது. உங்கள் பெயரையே கேள்விப்படாத 40,000 பேரில் எத்தனை பேர் அழுத்துவார்கள்? செயலிழந்த முகவரிகள் திரும்பி வருவதும், ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் இதற்கு மேல். அதே டொமைனிலிருந்துதான் நாளை ஒரு வாடிக்கையாளருக்குக் கிரய ஒப்பந்த வரைவு அனுப்பப் போகிறீர்கள். அது ஸ்பேமில் கிடக்கும். அவர் 'அனுப்பவே இல்லை' என்பார்.

சட்டப் பக்கமும் இறுகி வருகிறது. எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம், அறிவிப்பு போன்ற முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, அவரே செய்த செயலால் தரப்பட்டிருக்க வேண்டும். கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். தமிழில் எழுதுவது உங்களுக்கு இயல்பாகவே அமையும். வாங்கிய பட்டியலில் ஒருவருடைய சம்மதத்தையும் உங்களால் காட்ட முடியாது. நண்பர் கொடுத்த கண்காட்சிப் பதிவேட்டுக்கும் இதே கதிதான். அதை இன்றே நீக்கிவிடுங்கள்.

அந்த 'என்.ஆர்.ஐ.' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியரோ, ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமகனோ இங்கே வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நீங்களோ பண்ணை நில பிரவுஷரை எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். விவரம் தெரிந்த சிங்கப்பூர்வாசி அதைப் பார்த்ததும் 'இவருக்கு அடிப்படையே தெரியவில்லை' என்று முடிவு கட்டுவார். டொரொண்டோவில் இருப்பவருக்கு அனுப்பினால் கனடாவின் ஸ்பேம் தடைச் சட்டமும் வரும்: முன் சம்மதம் வேண்டும், உங்கள் அஞ்சல் முகவரி கடிதத்தில் இருக்க வேண்டும், நிறுத்தக் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஆகவே படிவத்தில் 'இப்போது எங்கே வசிக்கிறீர்கள்' என்ற ஒரு கேள்வி அவசியம்.

விலையை மறைத்து முகவரி வாங்குவது

இது குற்றமில்லை, ஆனால் பலன் தராது. அன்னூர் சாலையில் சைட் தேடுபவர் ஒரே மாலையில் பத்துத் தளங்களைப் பார்க்கிறார். விலை தெரியாத தளத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஆர்வம் தாங்காதவர் வாயில் வந்த முகவரியைத் தட்டிவிடுவார். விலை, பரப்பு, அணுகுசாலை அகலம், அப்ரூவல் நிலை எல்லாம் திறந்தே இருக்கட்டும். மின்னஞ்சலுக்கு ஈடாக, திறந்த பக்கத்தில் கிடைக்காத ஒன்றைக் கொடுங்கள்: 'நீங்கள் சொன்ன பகுதியில், உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தால் மட்டும் தகவல்.'

படிவம் வைக்க மிக நல்ல இடம், விற்றுப்போன சொத்தின் பக்கம். பெரும்பாலான முகவர்கள் விற்றதும் பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். 'விற்றுவிட்டது' என்று மேலே போட்டு, கீழே 'இதேபோல் இன்னொன்று வந்தால் சொல்லவா?' என்று கேளுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் அந்தப் பக்கத்தில் ஏமாந்து நிற்கிறார். மின்னஞ்சல் போக நான்கு கேள்விகள் போதும்: பகுதி, பட்ஜெட், சைட்டா வீடா, வசிக்கும் இடம். தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்காதீர்கள்; எண் கேட்டதுமே 'நாளையிலிருந்து போன் போட்டுக் கொல்வார்கள்' என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் நம் தொழில்காரர்கள் உண்டாக்கியதுதான்.

படிவத்தின் கீழே, முன்கூட்டியே டிக் போடாத ஒரு பெட்டி. அதன் அருகில் இப்படி எழுதலாம்: 'மாதம் இரண்டு மின்னஞ்சல் வரும். நீங்கள் சொன்ன பகுதியில் வந்த இடங்களின் விவரமும், பத்திரம் பட்டா பற்றிய ஒரு குறிப்பும் இருக்கும். உங்கள் முகவரியை எந்த பில்டருக்கும், வேறு முகவருக்கும், லோன் ஏஜெண்டுக்கும் தரமாட்டோம். எப்போது வேண்டுமானாலும் ஒரே அழுத்தலில் நிறுத்தலாம்.' வாட்ஸ்அப்புக்கு வேண்டுமானால் தனிப் பெட்டி. பதிவு செய்தவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று போய், அதை அவர் அழுத்திய பிறகே லிஸ்ட்டில் சேரட்டும். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வாசகத்துக்குச் சம்மதித்தார் என்பது பதிவாகி இருக்க வேண்டும்.

'உங்கள் முகவரியை எவருக்கும் தரமாட்டோம்' என்ற அந்த வாக்கியத்தை எழுதிவிட்டால் காப்பாற்ற வேண்டும். இரண்டு முகவர்கள் சேர்ந்து விற்கும் கோ-புரோக்கிங்கில் பெயர்களைக் கைமாற்றுவது நம்மிடையே சாதாரணம் என்பது தெரியும். ஆனால் உங்களிடம் மட்டும் கொடுத்த முகவரிக்கு மூன்றாம் நாள் ஒரு லோன் ஏஜெண்டிடமிருந்து கடிதம் வந்தால், அந்த வாசகர் இனி உங்களுக்கு இல்லை. இன்னொரு முகவரிடம் பொருத்தமான இடம் இருந்தால், விவரத்தை நீங்கள் வாங்கி அனுப்புங்கள்; ஆளை அனுப்பாதீர்கள்.

அனுப்பும் முறை

இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. இரண்டு தவணை ஆக்கியதன் காரணம் புரிகிறது. பி.சி.சி. என்று நினைத்து ஒருநாள் சி.சி.யில் போட்டுவிட்டால் 640 பேரின் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது தரவுக் கசிவு. மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றுக்கு மாறுங்கள். மாறும்போது, அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியையே வைக்கும் தவறைப் பலர் செய்கிறார்கள். ஜிமெயில் அதை ஆள்மாறாட்டமாகப் பார்க்கும். உங்கள் வலைத்தள டொமைனிலேயே ஒரு முகவரி உண்டாக்கி, டொமைன் அமைப்பில், கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்று பதிவுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். தளம் செய்து கொடுத்தவருக்கு அரை மணி நேர வேலை. நாளொன்றுக்கு 5,000 பேருக்கு மேல் அனுப்புவோருக்குத்தான் மூன்றும் கட்டாயம் என்றாலும் இப்போதே செய்துவிடுங்கள்.

பி.டி.எஃப். இணைக்காதீர்கள், பிரவுஷரை ஒரே படமாகவும் ஒட்டாதீர்கள். படம் திறக்காத செல்போனில் வெற்றுப் பெட்டிதான் தெரியும். தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கமும் உண்டு. ஜிமெயில் 102 கே.பி.க்கு மேற்பட்ட கடிதத்தை வெட்டிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் 'க'வுக்கு மூன்று, 'கி'க்கு ஆறு. வெறும் எழுத்தால் அந்த எல்லை வராது. அலங்கார டெம்ப்ளேட்டோடு சேர்ந்தால் வரும். வெட்டுப்படும் அடிப்பகுதியில்தான் 'நிறுத்த' இணைப்பு இருக்கும். அது தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார். எளிய எழுத்து, இரண்டு படம், ஒரு இணைப்பு போதும்.

என்ன எழுதுவது

இடம் வாங்குவது பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அப்படிப்பட்டவர் வாங்கி முடித்த பிறகும் உங்கள் கடிதத்தைத் திறக்க ஏன் வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை இருந்தால்தான் லிஸ்ட் நிலைக்கும். விடை, காகிதங்களில் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தில் எதைப் பார்ப்பது, வில்லங்கச் சான்றை எத்தனை ஆண்டுக்குப் போடுவது, பவர் பத்திரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஏன் விசாரிக்க வேண்டும், நில அளவை வரைபடமும் லேஅவுட் வரைபடமும் எங்கே முரண்படும், 20.10.2016க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைக்கு, அதை முறைப்படுத்தும் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது. ஒரு கடிதத்துக்கு இவற்றில் ஒன்று.

கணக்கும் போட்டுக் காட்டுங்கள். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. கிரயம் 30 லட்சம் என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2.10 லட்சம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 60,000, ஆக 2.70 லட்சம் கைவசம் வேண்டும். வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிட அதிகமானால் அதன்மேல் கணக்கிடுவார்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வருமான வரி (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டும், விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த 1 சதவீதம் பொருந்தாது, ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விலை மட்டும் போட்ட பிரவுஷரை எவரும் பத்திரப்படுத்துவதில்லை. இப்படிப்பட்ட கடிதத்தை மச்சானுக்கு அனுப்பிவைப்பார்கள்.

இடத்தைப் பற்றி எழுதும்போது குறையையும் எழுதுங்கள். 'மழைக்காலத்தில் பின்வரிசை மூன்று சைட்டில் தண்ணீர் நிற்கும்', 'காலை ஒன்பது மணிக்குச் சரவணம்பட்டி சிக்னலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது' என்ற வரிகளை பில்டர் விரும்பமாட்டார். வாசகர் அந்த வரிக்காகத்தான் அடுத்த கடிதத்தையும் திறப்பார்.

வாங்கி முடித்தவரை 'வாங்கியவர்கள்' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றுங்கள். அவருக்கு இனி சைட் விவரம் போகக்கூடாது. பதிவுக்கு ஒரு மாதம் கழித்து 'புதிய வில்லங்கச் சான்று போட்டு உங்கள் பெயர் ஏறிவிட்டதா பாருங்கள்', பிறகு பட்டா மாறுதல், காலிமனை வரி, சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்பு என்று வருடத்துக்கு நான்கைந்து கடிதம் போதும். அடுத்த ஆளை உங்களிடம் அழைத்து வருபவர் இவர்தான்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. இடம் பார்க்க வரும் நேரம், லொகேஷன், 'வந்துட்டீங்களா' எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். ஆனால் பணம் துபாயில் மகனிடம், முடிவு பொள்ளாச்சியில் அப்பாவிடம், பத்திரம் பார்ப்பது திருப்பூர் சித்தப்பா என்ற குடும்பத்தில், மூன்று மாதம் கழித்துத் தேடி எடுக்கக்கூடியது மின்னஞ்சல்தான். குரூப்பில் சேர்த்தால் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். போட்டி முகவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

திறந்து பார்த்தோர் சதவீதத்தை நம்பி மகிழவோ வருந்தவோ வேண்டாம். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதி, வாசகர் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டுகிறது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் இடம் பார்க்க வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் அசையாதவரை நீக்கிவிடு என்று பிற தொழில்களில் சொல்வார்கள். இடம் தேடுபவர் இரண்டு வருடம்கூடத் தேடுவார். ஆண்டுக்கு ஒரு முறை 'இன்னும் தேடுகிறீர்களா, வாங்கிவிட்டீர்களா, நிறுத்தவா' என்று மூன்று இணைப்போடு கேட்டுவிட்டு, அதற்கும் அசையாதவரை நீக்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு கடிதம். கண்காட்சி முகவரிகளை நீக்கிய பின், மீதிப் பேருக்கு புதிய டொமைன் முகவரியிலிருந்து நாளுக்கு ஐம்பது பேர் வீதம் அனுப்புங்கள்: 'வணக்கம். முன்பு எங்களிடம் இடம் விசாரித்திருந்தீர்கள். அதன்பின் நீங்கள் கேட்காமலே வாரந்தோறும் பிரவுஷர் அனுப்பினோம். அதற்கு வருந்துகிறோம், இனி அது வராது. மாதம் இரண்டு கடிதம் மட்டும் அனுப்ப இருக்கிறோம். வேண்டும் என்றால் இதை அழுத்தி, எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். எதுவும் செய்யாவிட்டால் உங்கள் முகவரியை அழித்துவிடுகிறோம்.' பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதன்பின் சொன்னபடி அழித்துவிடுங்கள். நூறு பேர் மிஞ்சினாலும் பதற வேண்டாம். ஆடியில் இதைச் செய்தால் நல்லது. அந்த மாதம் எவரும் கிரயம் பேசமாட்டார்கள், உங்களுக்கும் கை ஓய்வாக இருக்கும்; பத்திரம் பார்ப்பது பற்றிய முதல் இரண்டு கடிதங்கள் அதற்குள் போய்விட்டால், ஆவணி முகூர்த்தத்துக்கு இடம் தேடுபவர் உங்களுக்குப் பதில் எழுதத் தயாராக இருப்பார்.